ஆளைப் பார்க்கிறோமா, கதவைப் பார்க்கிறோமா?

(நமது குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன்.)



போன கூட்டத்தில் ஒரு டாக்டர் வந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். எல்லோருக்கும் பயன்பட்டது. இந்த முறை வெளியிலிருந்து ஆள் கிடைக்கவில்லை. அதனால் என்னைப் பிடித்துவிட்டார்கள். நான் பி.காம். படித்தவன். 35 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. என் மருமகள் அஞ்சல் வழியில் உளவியல் எம்.எஸ்சி. படிக்கிறாள். மத்தியானத்தில் தூக்கம் வராத நாட்களில் அவளுடைய சமூக உளவியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவேன். புரியாத இடத்தை அவளே சொல்லித் தருவாள். அதில் கிடைத்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

சமூக உளவியல் என்ற பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஒருவரை நமக்கு ஏன் பிடிக்கிறது, இன்னொருவரை ஏன் பிடிப்பதில்லை, ஒரு விஷயத்தில் நம்முடைய மனப்பாங்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்கிற படிப்பு அது. படிக்கப் படிக்க, நான் செய்த ஒரு தவறுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இரண்டு வருடம் பொருளாளருக்கு உதவியாகக் கணக்கு எழுதினேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அப்போது சி பிளாக்கில் ஒருவர் நான்கு மாதம் மெயின்டனன்ஸ் கட்டவில்லை. குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத வாடகைதாரர். கூட்டங்களுக்கு வர மாட்டார். எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். கமிட்டியில் பேச்சு வந்தபோது ஒருவர், "சி பிளாக்காரங்களே அப்படித்தான் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். அவருடைய வீட்டு எண்ணையும் பாக்கித் தொகையையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது என்று முடிவாயிற்று. என் கையால்தான் ஒட்டினேன்.

அவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. இதைப் பேச அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது உங்களை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். போரிலிருந்து திரும்பிய பல இளைஞர்கள் மனைவி, குழந்தையோடு மறுபடியும் கல்லூரியில் சேர்ந்தார்கள். எம்.ஐ.டி.யில் படிக்க வந்தவர்களுக்காக வெஸ்ட்கேட், வெஸ்ட்கேட் வெஸ்ட் என்று இரண்டு குடியிருப்புகள் அமைத்தார்கள். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜில் இருக்கிற எம்.ஐ.டி. அந்தக் குடியிருப்புகளில் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று பேர் ஆராய்ச்சி செய்து 1950-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நம்மைப் போன்ற அடுக்குமாடிக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி வேறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெஸ்ட்கேட் வெஸ்ட்டில் 17 கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் கீழே ஐந்து வீடு, மேலே ஐந்து வீடு. வந்தவர்கள் யாரும் வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த வீடு காலியாகிறதோ அது அடுத்தவருக்கு ஒதுக்கப்படும். முன்பின் பழக்கமும் கிட்டத்தட்ட யாருக்கும் கிடையாது. கொஞ்ச காலம் கழித்து, "இங்கே நீங்கள் அதிகமாகப் பழகுகிற மூன்று பேர் யார்?" என்று கேட்டார்கள். சொன்ன பெயர்களில் 65 சதவீதம் அதே கட்டடத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே மாடியில் என்று எடுத்துக்கொண்டால், பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னவர்கள் 41 சதவீதம். ஒரு வீடு தள்ளி அடுத்த வீடு என்றால் 22. வராந்தாவின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் என்றால் 10.

தூரத்தையும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்து வாசல்களுக்கு நடுவே 19 அடி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 90 அடிக்குள்தான். நம் ஏ பிளாக் லிஃப்டிலிருந்து பிள்ளையார் கோவிலுக்குப் போகிற தூரம்கூட இல்லை. இவ்வளவு சின்ன இடைவெளி யார் யாருக்கு நண்பர் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

இன்னொரு விவரமும் கண்டுபிடித்தார்கள். கீழ்த்தளத்தில் மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்திலும் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்திலும் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நிறைய நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோரையும்விட நல்ல சுபாவக்காரர்கள் என்பதாலா? இல்லை. மேலே இருப்பவர்கள் ஏறி இறங்கும்போதும் தபால் எடுக்க வரும்போதும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் முகம் தெரியும். ஒரு நாள் தலையசைப்பு, மறுநாள் ஒரு வார்த்தை. நட்பு அங்கிருந்துதான் வளர்ந்தது.

பார்த்த முகமே பிடித்த முகமாகிவிடும் என்பதை ராபர்ட் ஸயன்ஸ் என்பவர் 1968-ல் தனியாகச் சோதித்துப் பார்த்தார். பெயரே சயன்ஸ் என்பது போலத்தான் ஒலிக்கும். அர்த்தம் தெரியாத சொற்கள், சீன எழுத்து போன்ற உருவங்கள், முன்பின் தெரியாதவர்களின் புகைப்படங்கள் ஆகியவற்றைச் சிலவற்றை ஓரிரு தடவையும் சிலவற்றை 25 தடவை வரையும் காட்டினார். அதிகத் தடவை பார்த்ததையே ஆட்கள் நல்லதாகச் சொன்னார்கள். புகைப்படத்தில் இருந்தவர் இவர்களுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. பழகிய முகம் என்பது மட்டும்தான்.

சரி, பக்கத்தில் இருந்தால் எல்லோரும் நண்பர்களாகிவிடுவார்களா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மேல்வீட்டில் அம்மிக்கல் இழுக்கிற சத்தத்தை அனுபவித்தவர்கள் கட்டாயம் கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் இர்வைன் என்ற ஊரின் ஒரு குடியிருப்பில் எபசன் என்பவரும் இரண்டு சகாக்களும் செய்த ஆய்வு 1976-ல் வெளிவந்தது. அங்கே பிடித்தவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். பிடிக்காதவர்கள் அதைவிடப் பக்கத்தில் இருந்தார்கள். சத்தம், வளர்ப்புப் பிராணி, வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதது போன்றவைதான் காரணம். ஆக, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வந்தால் அவரும் கெட்டவர் இல்லை, நீங்களும் கெட்டவர் இல்லை. சண்டை போடுகிற தூரத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இனி மனப்பாங்குக்கு வருகிறேன். இது நம் சங்கத்துக்கே நேரடியாகப் பொருந்துகிற விஷயம். இன்னொரு குடியிருப்பான வெஸ்ட்கேட்டில் சுமார் 100 சின்னச் சின்ன வீடுகள், புல்வெளியைச் சுற்றி 'ப' வடிவத்தில் தொகுதி தொகுதியாக இருந்தன. அங்கேயும் நம்மைப் போல ஒரு குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்தார்கள். "சங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று வீடு வீடாகக் கேட்டபோது, ஒரு தொகுதியில் பெரும்பாலும் எல்லோரும் சங்கத்துக்கு ஆதரவு, இன்னொரு தொகுதியில் பெரும்பாலும் எல்லோரும் எதிர்ப்பு என்று இருந்தது. எல்லோருக்கும் ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே மாதிரி வருமானம். வித்தியாசம், யார் எந்தப் புல்வெளியைச் சுற்றி இருந்தார் என்பதுதான். மாலையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் என்ன பேசினார்களோ, அதுவே ஒவ்வொருவருக்கும் சொந்தக் கருத்தாகிவிட்டது. தொகுதியின் கருத்தோடு ஒத்துப் போகாதவர்களுக்கு நண்பர்கள் குறைவு. வாசல் புல்வெளியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்திருந்த கோடி வீடுகளில்தான் அப்படிப்பட்டவர்கள் அதிகம்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நம் வாட்ஸ்அப் குழுவில் சோலார் பேனல் விவாதம் நடந்தபோது ஏ பிளாக் ஒரு பக்கம், சி பிளாக் ஒரு பக்கம் நின்றது ஞாபகம் இருக்கிறதா? நான் ஏ பிளாக். அப்போது நான் சொன்னதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்ன கருத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் நடைப்பயிற்சியில் என்னோடு வருகிற நான்கு பேரும் ஏ பிளாக் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து, ஒரு ஆளைப் பற்றி நம் மனதில் விழுகிற பதிவு. 1946-ல் சாலமன் ஆஷ் என்பவர் ஒரு மனிதரின் குணங்கள் என்று ஒரு பட்டியலைப் படித்துக் காட்டினார்: புத்திசாலி, திறமைசாலி, உழைப்பாளி இப்படி ஏழு குணம். ஒரு குழுவுக்கு நடுவில் 'அன்பாகப் பழகுபவர்' என்று இருக்கும். மற்றக் குழுவுக்கு அந்த இடத்தில் 'ஒட்டாதவர்' என்று இருக்கும். மற்ற ஆறும் ஒன்றுதான். அவர் தாராள மனம் உள்ளவரா என்று கேட்டால், முதல் குழுவில் பத்துக்கு ஒன்பது பேர் ஆமாம் என்றார்கள். இரண்டாவது குழுவில் பத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஒரு சொல் மற்ற எல்லாக் குணத்துக்கும் சாயம் ஏற்றிவிட்டது.

அது காகிதத்தில் இருந்த ஆள். நிஜ ஆளை வைத்து ஹெரால்ட் கெல்லி என்பவர் அதே எம்.ஐ.டி.யில் செய்து பார்த்து 1950-ல் எழுதினார். பொருளாதார வகுப்புக்கு ஒரு மாற்று ஆசிரியர் வருகிறார் என்று சொல்லி, அவரைப் பற்றிய சிறு குறிப்பை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கிடைத்த குறிப்பில் அவர் அன்பாகப் பழகுபவர், மீதிப் பேருக்கு அவர் ஒட்டாதவர். ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே 20 நிமிடம். முதல் வகையினரில் 56 சதவீதம் பேர் அவரோடு விவாதத்தில் கலந்துகொண்டார்கள். இரண்டாவது வகையினரில் 32 சதவீதம்தான். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. பேசாதவர்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரியும்? காகிதத்தில் இருந்ததே கடைசிவரை நிற்கும்.

இதோடு இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. மற்றவர் செய்ததற்கு அவர் குணத்தைக் காரணமாகச் சொல்வோம். அவருடைய சூழ்நிலையைப் பார்க்க மாட்டோம். எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இருவர் 1967-ல் காஸ்ட்ரோவைப் பற்றி எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். "இவரை இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்று சொல்லி எழுத வைத்தோம்" என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் மனதுக்குள் காஸ்ட்ரோ ஆதரவாளர்தான் என்றே பலரும் கணித்தார்கள். 1977-ல் லீ ராஸ் என்பவர் இதற்குக் காரணம் கற்பிப்பதில் நடக்கும் அடிப்படைப் பிழை என்று பெயர் வைத்தார். நம் பாஷையில் சொன்னால், நான் மெயின்டனன்ஸ் கட்டத் தாமதமானால் சர்வர் வேலை செய்யவில்லை. அடுத்த வீட்டுக்காரர் தாமதித்தால் அவருக்குப் பொறுப்பில்லை.

இப்போது சி பிளாக் நண்பர் கதைக்கு வருகிறேன்.

நோட்டீஸ் ஒட்டி ஒன்பதாம் நாள் ராத்திரி எட்டரை மணிக்கு அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பாஸ்புக். "சார், நான் மாசா மாசம் கட்டியிருக்கேன், நீங்களே பாருங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். நான்கு மாதமும் ஐந்தாம் தேதி பணம் கழிந்திருக்கிறது. நான்கு மாதமும் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ அதே தொகை திரும்ப வரவாகியிருக்கிறது. பணம் கழிந்ததும் வருகிற குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு, கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். திரும்பி வந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஏன் திரும்பியது? நம் சங்கத்துக் கணக்கு இருந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்து, ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறிவிட்டது. பழைய எண்ணுக்கு அனுப்பிய பணம் போன வழியே திரும்பிவிட்டது. எண் மாறியதை நாம் அறிவிக்கவில்லையா? அறிவித்தோம். ஏ பிளாக் லிஃப்டுக்கு எதிரே இருக்கிற நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். சி பிளாக்காரர்கள் பின்கேட் வழியாக வந்து போகிறவர்கள். அந்தப் போர்டைத் தாண்டிப் போக வேண்டிய வேலையே அவர்களுக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டோம். குழுவில் இருந்தது வீட்டுச் சொந்தக்காரரின் நம்பர். குடியிருப்பவரின் நம்பர் இல்லை. அவர் பெயரில் நாங்கள் ஒட்டிய நோட்டீஸைக்கூட அவர் பார்க்கவில்லை. ஒன்பது நாள் மற்ற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் வாட்ச்மேன் சொல்லித்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

வெஸ்ட்கேட்டின் தபால் பெட்டிக் கதைதான் இது. பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் உறவு. நம் போர்டு எங்கே இருந்ததோ அங்கே இருப்பவர்கள்தான் ஒழுங்கானவர்கள்.

எனக்கு இதில் வெட்கமான விஷயம் வேறு. 35 வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். "பணம் அனுப்பினேன், போய்ச் சேரவில்லை" என்று ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றால் முதல் கேள்வியே ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைச் சரிபார்த்தீர்களா என்பதுதான். அந்தக் கேள்வி இவர் விஷயத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே வந்தவர் வாடிக்கையாளர். இங்கே இவர் 'சி பிளாக்காரர்'.

அதோடு முடியவில்லை. நோட்டீஸ் ஒட்டிய அந்த ஒன்பது நாளும் அவரிடம் இன்னும் என்ன குற்றம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துகிறார், செருப்பை வாசலில் பரப்பி வைக்கிறார் என்று என் மனைவியிடம் சொன்னதாக ஞாபகம். அவளும், "நேத்து வரைக்கும் உங்க கண்ணுக்கு இதெல்லாம் தெரியலையே" என்றாள். இதற்கும் புத்தகத்தில் விளக்கம் இருக்கிறது. முன்னே சொன்ன ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித் என்பவரும் 1959-ல் வெளியிட்ட சோதனை. மாணவர்களை ஒரு மணி நேரம் படு சலிப்பான வேலை செய்ய வைத்து, "ரொம்பச் சுவாரசியமாக இருந்தது" என்று அடுத்தவரிடம் சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொல்ல சிலருக்கு 20 டாலர், சிலருக்கு ஒரே ஒரு டாலர். பிறகு உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டால், ஒரு டாலர் வாங்கியவர்கள்தான் வேலை நன்றாகவே இருந்தது என்றார்கள். 20 டாலர் வாங்கியவருக்குப் பொய் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு டாலருக்குச் சொன்னவருக்குக் காரணம் போதவில்லை. அதனால் மனதையே மாற்றிக்கொண்டார். நானும் ஒருவரை அவமானப்படுத்தியாயிற்று. அதற்குத் தகுந்த ஆளாக அவர் இருக்க வேண்டும் என்று என் மனது விரும்பியிருக்கிறது.

அடுத்த நாளே நோட்டீஸைக் கிழித்தேன். பிறகு உட்கார்ந்து அந்த வருடக் கணக்கைப் பிளாக் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்த வீடுகள் சி பிளாக்கில் ஐந்து, ஏ பிளாக்கில் ஆறு. ஏ பிளாக் ஆறு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர்கள் எண்ணை நான் ஒட்டவில்லை.

வரும் பொதுக்குழுவில் பாக்கிதாரர்களின் வீட்டு எண்ணை மெயின் கேட்டில் ஒட்டுகிற தீர்மானம் வருகிறது. அதை முன்மொழிகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. டீசல், செக்யூரிட்டி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கணக்கு எழுதியவனுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் நான் எதிர்த்து ஓட்டுப் போடப் போகிறேன். அதற்குப் பதிலாக மூன்று காரியம் கேட்கிறேன்.

ஒன்று, சி பிளாக் பின்கேட்டிலும் ஒரு நோட்டீஸ் போர்டு வேண்டும். குழுவில் குடியிருப்பவர் நம்பரும் இருக்க வேண்டும். இரண்டு, இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் கமிட்டியிலிருந்து ஒருவர் நேரில் போய் பெல் அடித்துக் கேட்க வேண்டும்; அதுவும் வேறு பிளாக்கைச் சேர்ந்தவர். மூன்று, இந்த மூத்தோர் கூட்டத்தை ஒரு மாதம் ஏ பிளாக் ஹாலிலும் ஒரு மாதம் சி பிளாக் படிக்கட்டுக்கு முன்னால் இருக்கிற திண்ணைப் பக்கமும் வைப்போம். நாற்காலி தூக்க நான் வருகிறேன்.

கடைசியாக, எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஒன்று. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் நாங்கள் யாரையும் திருடன் என்று எழுதுவதில்லை. வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். தவறு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்ததும் அதற்குரிய கணக்கில் சேர்ப்போம். பெரும்பாலும் எங்கள் பேரேட்டிலேயேதான் பிழை இருக்கும். புது ஆள் ஒருவர் வணக்கம் சொல்லாமல் போனால், கொஞ்ச நாளைக்கு அதை சஸ்பென்ஸில் வையுங்கள்.

அந்த நண்பர் ஏன் தலையைக் குனிந்துகொண்டு போகிறார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. போன வருடம் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து நானும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறேன். என்னைப் பற்றி யார் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது.

நோட்டீஸை எல்லோரும் பார்க்க ஒட்டினேன்; மன்னிப்பை அவர் வீட்டுக்குள் வைத்துக் கேட்டேன். அது சரியில்லை என்று எனக்கே தோன்றியதால்தான் இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அந்த நோட்டீஸ் தவறு. ஒட்டியது நான். அதற்காக வருத்தப்படுகிறேன்.